முப்பத்தெட்டாம் மாடியில் மதியச் சாப்பாடு

என் மகள் நாயேலிக்கு நிச்சயமான பையன் டெக்லன், நியூயார்க்காரன். தங்கமான பிள்ளை. அவனைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவனைப் பெற்றவர்கள், டெஸ்மண்டும் லொரெய்னும், கல்யாணத்துக்கு முன்னால் எங்களோடு பழகிப் பார்க்கலாம் என்று ஓர் அக்டோபரில் இரண்டு நாள் சிகாகோவுக்கு வந்தார்கள்.

சம்பந்தி என்பதற்கு எங்கள் ஸ்பானிஷில் அழகான சொல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அதனால் விமான நிலைய வாசலில் என் கணவர் செபோ, "வாங்க சம்பந்தி!" என்று எங்கள் சொல்லால் கூப்பிட்டு டெஸ்மண்டைக் கட்டிப்பிடித்தபோது, மனிதர் விறைத்துப்போய் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா சொல்றாரு?"

"உங்களை உறவுன்னு சொல்றாருப்பா."

"ஓ. நல்லது, நல்லது" என்று செபோவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

டெஸ்மண்ட் கெட்டவர் இல்லை. பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் வாயைத் திறந்தால் அவருடைய ஊர்தான். வண்டி ஏரிக்கரைச் சாலையில் திரும்பியதும் மொத்த நகரமும் வெயிலில் தகதகவென்று எழுந்து நின்றது. இருபத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள் நான். இன்னும் அந்தத் திருப்பத்தில் எனக்கு நெஞ்சு நிமிரும். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, அடக்கமா இருக்கு" என்றார். வண்டியை அப்படியே திருப்பிக் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றிவிடலாமா என்று தோன்றியது.

அன்று மாலை செபோ அவர்களை மாட்டிறைச்சி ரொட்டிக் கடைக்குக் கூட்டிப்போனார். மெல்லிசாகச் சீவிய இறைச்சியையும் மிளகாய் ஊறுகாயையும் அடைத்து, முழு ரொட்டியையும் குழம்பில் முக்கிக் கையில் கொடுப்பார்கள். நாற்காலி கிடையாது. நின்றுகொண்டு சாப்பிடுவதற்கும் ஒரு முறை உண்டு. முழங்கை இரண்டும் பலகைமேல், கால் இரண்டடி பின்னால், முகம் முன்னால்.

"இப்படி நில்லுங்க சம்பந்தி. போலீஸ்காரன் சோதனை போடுறப்ப நிப்பாங்களே, அந்த மாதிரி."

"எனக்கு ரொட்டி சாப்பிடத் தெரியும் செபோ" என்று டெஸ்மண்ட் தேவாலயத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று ஒரு கடி கடித்தார். குழம்பு கழுத்துப்பட்டையில் இறங்கி, சட்டையில் இறங்கி, பெல்ட் வரைக்கும் போனது. கல்லாவில் இருந்த பெண், "முதல் தடவையா? அடுத்த தடவை மழைக்கோட்டு போட்டுட்டு வாங்க" என்றாள். லொரெய்ன் சிரித்த சிரிப்பில் அவள் கையில் இருந்ததும் நழுவிற்று. அவள் மட்டும் செபோ சொன்ன மாதிரியே நின்று இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, ஆற்றில் படகுச் சவாரி. ஒலிபெருக்கியைப் பிடித்த பெண், இந்தக் கட்டடத்தை வரைந்தவர் இன்னார், அந்தக் கட்டடத்தை வரைந்தவர் இன்னார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எங்க ஊர்ல இதை விட உயரமா எத்தனையோ இருக்கு" என்றார் டெஸ்மண்ட்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இருக்கட்டும். உலகத்துல முதல்முதலா மேல மேல அடுக்கிக் கட்டினது எங்க ஊர்லதான்."

"ஆரம்பிச்சு வச்சீங்க, அது சரி. முடிச்சு வச்சது நாங்க."

செபோ இதில் எதிலும் சேரவில்லை. லொரெய்ன் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவள், "என்ன எண்ணுறீங்க?" என்றாள்.

"எண்ணலைம்மா. நலம் விசாரிக்கிறேன். அதோ பச்சைக் கண்ணாடி, அதுல மேற்குப் பக்கம் பசை விட்டுப்போச்சு, மழை பெஞ்சா உள்ள ஒழுகும். இதுல ஆறாயிரத்துச் சொச்சம் ஜன்னல். அதோ அந்த மூலையில பருந்து கூடு கட்டும். ஒரு வருஷம் தெரியாம கிட்ட போயிட்டேன். மண்டையில ஒரு அடி பாருங்க! அன்னிக்குப் பூரா வாளியைத் தலையில கவுத்துக்கிட்டு வேலை செஞ்சேன். உள்ள கூட்டம் நடத்திட்டு இருந்த ஆளுங்க எல்லாம் கூட்டத்தை நிறுத்திட்டு என்னையே பார்க்குறாங்க."

லொரெய்னுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். டெஸ்மண்ட் திரும்பினார்.

"கட்டடப் பராமரிப்புன்னு டெக்லன் சொன்னானே?"

"ஜன்னல் துடைக்கிற வேலை சம்பந்தி. கயிறு கட்டி இறங்கித் துடைக்கிறது. முப்பத்து மூணு வருஷம். முட்டியில கத்தி வச்சாங்க, ரெண்டு வருஷமா வீட்ல இருக்கேன்."

"ஓ" என்றார் டெஸ்மண்ட்.

அந்த 'ஓ'வை நான் முப்பத்து மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், வங்கியில் கேட்டிருக்கிறேன். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதுபோல இருக்கும், அவ்வளவுதான். செபோவுக்கு அது உறைப்பதே இல்லை. உறைப்பதெல்லாம் எனக்குத்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு டெஸ்மண்டே இடம் பிடித்திருந்தார். "இது என்னோட விருந்து. யாரும் எதுவும் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஆறும் ஏரியும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோபுரம், முப்பத்தெட்டாவது மாடியில் உணவகம். வாசலில் நின்று கட்டடத்தை ஒரு பார்வை பார்த்த செபோ மீசைக்குள் சிரித்துக்கொண்டார். லிஃப்டில் ஏறியதும் என் காதோரம் குனிந்து, "இந்த மாடிக்கு உள்வழியா வர்றது இதான் முதல் தடவை எல்வியா" என்றார்.

அன்றைக்கென்று சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தார். நாயேலி வாங்கிக் கொடுத்தது. அதில் அவர் ஒரு வங்கி மேலாளர் மாதிரி இருந்தார். கையை மட்டும் பார்க்காமல் இருந்தால்.

ஜன்னலோர மேசை. காலடியிலிருந்து கூரை வரைக்கும் ஒரே கண்ணாடி. அதற்கு அப்பால் ஏரி, கடல் மாதிரி கரை தெரியாமல். ஏரி மீனும் வாத்துக்கறியும் சொல்லியிருந்தோம். சூப்பு வந்தது. எல்லாரும் ஏரியைப் பார்த்தோம். செபோ கண்ணாடியைப் பார்த்தார்.

"ஓரத்துல தண்ணி நின்னு காஞ்சிருக்கு. எவன் துடைச்சான் இதை?"

"அப்பா, நீ சூப்பைப் பாரு. கண்ணாடியை விடு" என்றாள் நாயேலி.

"விட்டுட்டேன், விட்டுட்டேன்."

விட்டது ஐந்து நிமிஷம். பிறகு வெளியே இரண்டு இரும்புக் கயிறுகள் லேசாக ஆடத் தொடங்கின. செபோ கரண்டியைக் கீழே வைத்தார். "வர்றாங்க" என்றார், விருந்தாளிகள் வருவதுபோல.

ஜன்னல் துடைப்பவர்கள் நிற்கிற தொங்குசாரத்தின் அடிப்பாகம் மேலிருந்து தெரிந்தது. பிறகு இரண்டு ஜோடி பூட்ஸ், முழங்கால், கயிறு மாட்டிய இடுப்பு வார், கடைசியில் முகங்கள். ஏரிப் பக்க முனையில் டாரியுஷ், போலந்துக்காரன், ஒல்லி, நாற்பது வயது. ஆற்றுப் பக்க முனையில் வெண்டல், கறுப்பர், கதவளவு அகலமான மனிதர். இருவருமே செபோவோடு பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரே சாரத்தில் தொங்கியவர்கள். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி அவர்களோடு கழிந்தவை.

முதலில் வெண்டல்தான் பார்த்தார். வாய் பிளந்துவிட்டது. டாரியுஷை முழங்கையால் இடித்தார். டாரியுஷ் குனிந்து உள்ளே பார்த்து, கோட்டுப் போட்ட செபோவை அடையாளம் கண்டதும், சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு இல்லாத தேநீர்க் கோப்பையிலிருந்து ஒரு வாய் உறிஞ்சிக் காட்டினான். செபோவின் காது இரண்டும் சிவந்துபோயின. டாரியுஷ் அத்தோடு விடவில்லை. கண்ணாடி முழுக்கச் சோப்பு நுரையைப் பூசி, விரலால் எழுதத் தொடங்கினான். உள்ளே இருக்கிறவர்கள் படிக்கும்படி, எழுத்துகளை இடவலமாகத் திருப்பிப் போட்டு மடமடவென்று எழுதினான்.

"துரை சாப்பிடுகிறார். தொந்தரவு செய்யாதீர்."

உணவகமே சிரித்துக் கை தட்டியது. டெஸ்மண்ட் எழுந்து நின்று படம் எடுத்தார். "எப்படித் திருப்பி எழுதறாங்க?" என்று கேட்டார்.

"தொழில் வித்தை சம்பந்தி" என்றார் செபோ. "உள்ள யாருக்காவது பிறந்தநாள்னா வெளியிலேர்ந்து வாழ்த்து எழுதுவோம். நான்தான் ஆரம்பிச்சு வச்சேன்."

"இவர் சொல்றாரு. நான் நம்பினதே இல்லை" என்றேன்.

எல்லாரும் சிரித்தோம். செபோ சிரிக்கவில்லை. அவர் கண் சாரத்தைத் தாண்டிப் போயிருந்தது.

"ஏரி நிறம் மாறுது" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தூரத்தில் தண்ணீர்மேல் கறுப்பாக ஒரு பட்டை, யாரோ துணியை இழுத்துக்கொண்டு வருவதுபோலக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. செபோ எழுந்து கண்ணாடியைத் தட்டி, கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினார். இறங்குங்கள். வெண்டல் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே பொத்தானை அழுத்தினார். சாரம் ஓரடி இறங்கியிருக்கும். அதற்குள் காற்று வந்துவிட்டது.

எங்கள் ஊர்க் காற்று கோபுரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் வெறி பிடித்துவிடும். சாரம் கண்ணாடியை விட்டு ஒரு கைநீளம் விலகிப் போய், திரும்பி வந்து மோதியது. மேசையில் கோப்பைகள் குலுங்கின. யாரோ ஒரு பெண் வீறிட்டாள். மறுபடி விலகி, மறுபடி மோதியது. இந்த ஆட்டத்தில், சாரத்தை இறக்கும் இரண்டு மோட்டார்களில் ஏரிப் பக்கத்தது நின்றுபோனது. ஆற்றுப் பக்கம் மட்டும் இறங்கியது. வெண்டல் விரலை எடுப்பதற்குள் சாரம் ஒருக்களித்துச் சரிந்துவிட்டது. டாரியுஷ் மேல்முனையிலிருந்து சறுக்கி வெண்டல்மேல் போய் விழுந்தான். வெண்டலின் இடது கை கம்பிக்கும் கட்டடச் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கியதை நான் பார்த்தேன். அவர் கத்தியதும் தெரிந்தது. சத்தம்தான் கேட்கவில்லை. இரட்டைக் கண்ணாடி.

அவர்கள் இடுப்பு வாரில் தனிக் கயிறு இருந்தது, அது அறாது. ஆனால் அந்தக் காற்று, கயிற்றில் தொங்குகிற ஆளைக் கண்ணாடியில் அடித்து அடித்தே நொறுக்கிவிடும். இதைச் செபோ எனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. வெண்டலின் மனைவிதான் ஒருமுறை சொன்னாள்.

உணவக மேலாளர் ஓடி வந்தார். நல்ல உடை, வெளிறிய முகம். "எல்லாரும் தயவுசெஞ்சு உள்பக்கம் வந்திடுங்க. கண்ணாடிகிட்ட யாரும் நிக்காதீங்க. சார், நீங்களும்!" என்று செபோவின் தோளைப் பிடித்தார்.

டெஸ்மண்ட் குறுக்கே வந்து நின்றார். நேற்றிலிருந்து நாங்கள் கேட்ட குரல் இல்லை அது.

"தம்பி, தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு சார். இருபது நிமிஷமாவது ஆகும்னு..."

"அப்ப நீ மத்தவங்களைக் கூட்டிட்டுப் போ. இவர் மேல கை வைக்காதே. இவர் வேலை பார்த்துட்டு இருக்காரு."

செபோ இதையெல்லாம் கேட்கவே இல்லை. கத்தி வைத்த முட்டியைத் தரையில் ஊன்றி, சரிந்து கிடந்த டாரியுஷின் முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தார். மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டினார். டாரியுஷ் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தான். செபோ தட்டிக்கொண்டே இருந்தார், நிதானமாக, அவசரமே இல்லாமல். கடைசியில் அவன் கண்ணைத் திறந்தான். செபோ உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தார். அவன் பார்வை அந்தக் கையில் போய் ஒட்டிக்கொண்டது.

"எழுதறதுக்கு ஏதாவது குடு" என்று திரும்பாமலே பின்னால் கையை நீட்டினார். நான் பையைக் கவிழ்த்தேன். பேனா, சாவி, பேருந்துச் சீட்டுக் கட்டு. பேனா கண்ணாடியில் எழுதாது. அதற்குள் லொரெய்ன் அவர் கையில் தன் லிப்ஸ்டிக்கைத் திறந்து வைத்துவிட்டாள். கருஞ்சிவப்பு.

செபோ எழுதினார். எங்களுக்கு எழுத்து திரும்பித் தெரிந்தது. டெக்லன்தான் வாசித்துச் சொன்னான்.

"மூச்சு விடு."

டாரியுஷ் மூச்சு விட்டான். தோள் இறங்குவது தெரிந்தது. செபோ அதன் கீழே, "ஏரிப் பக்கம் ஏறு" என்று எழுதி, மோட்டாரின் கைப்பிடியைப் படமாக வரைந்து, கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டார். மோட்டார் நின்றாலும் அந்தக் கைப்பிடியை இழுத்தால் அந்த முனையைக் கையாலேயே இறக்கலாம். இறக்கினால் சாரம் சமமாகும். வெண்டல் கையை எடுக்கலாம்.

டாரியுஷ் தலையை ஆட்டினான். மாட்டேன்.

செபோ கோபப்படவில்லை. கோட்டுக் கையால் அழித்துவிட்டு இரண்டே வார்த்தை எழுதினார். "வெண்டல் கை."

டாரியுஷ் திரும்பி வெண்டலைப் பார்த்தான். வெண்டல் பல்லைக் கடித்துக்கொண்டு அவனிடம் ஏதோ சொன்னார். பிறகு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "'சீக்கிரம் போடா, எனக்கு மூணு மணிக்குப் பல் டாக்டரைப் பார்க்கணும்'னு சொன்னேன்" என்றார்.

டாரியுஷ் ஏற ஆரம்பித்தான். அப்போதுதான் செபோ உள்ளே இருப்பது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அவர்கள் இருவருக்கும் முதுகுப் பக்கம் ஏரி. அடுத்த காற்று எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. செபோவுக்குத் தெரிந்தது. தண்ணீரில் கறுப்புப் பட்டை எழும்போதே அவர் கை உயர்ந்தது. டாரியுஷ் அப்படியே படுத்துக் கம்பியைக் கட்டிக்கொண்டான். சாரம் விலகி மோதி ஆடி அடங்கியது. கை இறங்கியது. டாரியுஷ் இரண்டடி ஏறினான். மறுபடி கை உயர்ந்தது. ஒரு தடவைகூட அந்தக் கை தப்பாக உயரவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம். அவர் வேலை செய்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. "நீ கீழ நின்னு பார்த்தா எனக்குக் கை நடுங்கும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அவர் துடைக்கும் கட்டடத்தைத் தாண்டி நான் பேருந்து ஓட்டிப் போக நேர்ந்தால்கூட மேலே பார்க்க மாட்டேன், சத்தியம் செய்த மாதிரி. அன்றைக்குப் பார்த்தேன். ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். வீட்டில் சாவி எங்கே, மூக்குக்கண்ணாடி எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கிற மனிதர், இரண்டு பேருடைய உயிரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சமும் அசையாமல் இருந்தார். இவர் என் புருஷன், இவர் என் புருஷன் என்று உள்ளே ஒரு குரல் மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. நாயேலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அதேபோல் ஏதோ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உதடு துடித்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

நான்கு தடவை நின்று, ஐந்தாவது தடவையில் டாரியுஷ் கைப்பிடியைப் பிடித்தான். இழுத்தான். மேல்முனை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிச் சாரம் சமமானது. வெண்டல் கையை உருவி மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தார். செபோவும் உள்ளிருந்து அதே இடத்தில் நெற்றியை வைத்தார். ஒரு நொடிதான்.

இன்னும் வேலை முடியவில்லை. எட்டு மாடி கீழே ஒரு மொட்டை மாடி துருத்திக்கொண்டு இருக்கிறது. அது வரைக்கும் இருவரும் கையாலேயே இறக்க வேண்டும், இரண்டு முனையும் ஒரே அளவில். வெண்டல் நல்ல கையால் தன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார். செபோ உள்ளங்கையால் கண்ணாடியில் தாளம் போட்டார். ஒரு தட்டு, ஓர் இழுப்பு. ஒரு தட்டு, ஓர் இழுப்பு. காற்று வந்தால் கை நின்றுவிடும். சாரம் இறங்க இறங்க அவரும் இறங்கினார். முட்டி போட்டார், பிறகு உட்கார்ந்தார், கடைசியில் அந்தச் சாம்பல் கோட்டோடு கம்பளத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டி, கீழே போகிற அவர்கள் தலைக்கு மேலே தட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பக்கத்தில், ஏரியைப் பார்த்தபடி, டெஸ்மண்டும் மண்டியிட்டிருந்தார். "இடது பக்கத்துல ஒண்ணு வருது செபோ, பெருசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர்கள் பார்வையில் இல்லை. வெறும் கயிறு மட்டும் ஆடியது. வாத்துக்கறித் தட்டோடு ஒரு பரிமாறுபவர் நடுவழியிலேயே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமோ.

செபோவின் கைபேசி அடித்தது. படுத்த வாக்கிலேயே எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணே" என்றான் டாரியுஷ். குரல் உடைந்திருந்தது. "கால் தரையில இருக்கு. ரெண்டு பேர் காலும்." ஒரு மூச்சு விட்டுவிட்டு, "சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்றான்.

"இன்னும் வரவேயில்லைடா" என்றார் செபோ.

உணவகம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. செபோ கம்பளத்தில் உட்கார்ந்து, யாருக்குக் கை தட்டுகிறார்கள் என்பதுபோலப் பார்த்தார். டெக்லன் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். யாரோ படம் எடுக்க வந்தார்கள். அதற்குள் இவர் மேலாளரைத் தேடிப் பிடித்து, "ஐயா, கண்ணாடி எல்லாம் லிப்ஸ்டிக் ஆயிருச்சு. ஒரு நல்ல துணியும் கொஞ்சம் சோடாத் தண்ணியும் குடுங்க" என்றார்.

"ஐயோ, அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்."

"நீங்க துடைச்சா கோடு விழும்."

துடைத்தார். டெஸ்மண்ட் பக்கத்தில் சோடாத் தம்ளரை ஏந்திக்கொண்டு நின்றார். மேலிருந்து கீழாக, ஒரே வீச்சில், ஓரத்தில் முன்பே காய்ந்து நின்ற தண்ணீர்க் கறையையும் சேர்த்து எடுத்துவிட்டார். அந்த ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்தால் நடுவில் கண்ணாடியே இல்லாததுபோல ஏரி தெரிந்தது.

சாப்பாட்டுக்கு நாங்கள் உட்காரவில்லை. வெண்டலைக் கொண்டுபோன மருத்துவமனைக்கு எல்லாருமாகப் போனோம். முன்கையில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மூன்று மாதம் ஆகும், ஆனால் சேர்ந்துவிடும் என்றார்கள். டாரியுஷுக்குச் சிராய்ப்போடு சரி. அவன் செபோவைக் கண்டதும் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். செபோ அவன் தலையில் ஒரு குட்டுக் குட்டி, "துரையாம் துரை" என்றார்.

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நிற்கும்போதுதான் செபோவின் கை நடுங்கத் தொடங்கியது. சாவியைத் துளையில் போட முடியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

"என்னய்யா, இப்ப நடுங்குறே?"

"நீ பார்த்துட்டே இருந்தியா?"

"பார்த்தேன். எல்லாத்தையும் பார்த்தேன்."

"எப்படி?" என்று கேட்டார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அவர் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாருக்கும் ஒரே சமயத்தில் பசி வந்தது. எங்கள் இருபத்தாறாம் தெருவில், நாங்கள் எப்போதும் போகிற டாக்கோ கடைக்குப் போனோம். கல்லில் சோள ரொட்டி வெந்துகொண்டிருந்தது. கம்பியில் பன்றிக்கறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் யாரோ எடுத்த படம் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டிருந்தது. கல்லாக்காரர் வெளியே வந்து செபோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

டெஸ்மண்ட் எலுமிச்சைத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு செபோவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"எங்கப்பா பாலத்துக்குப் பெயிண்ட் அடிச்சவரு. கம்பியில உட்கார்ந்து, ஆத்துக்கு மேல. பள்ளிக்கூடத்துல கேட்டா இன்ஜினியர்னு சொல்வேன். இவளைக் கட்டிக்கிட்டப்பவும் அப்படித்தான் சொன்னேன். பாலத்துல வேலைன்னு."

லொரெய்ன் அவரைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவளுக்கும் இது புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவர் முதுகில் கையை வைத்தாள்.

செபோ ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண் பளபளத்தது.

"எந்தப் பாலம்?"

டெஸ்மண்ட் சொன்னார்.

"அதா! அது தொங்கு பாலமாச்சே. கயிறு கட்டித்தான் இறங்கணும். எத்தனை பூச்சு அடிப்பாங்க? கீழ வலை கட்டுவாங்களா? அந்தக் காலத்துல இடுப்பு வார் உண்டா?"

டெஸ்மண்டுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்பா வீட்டுக்கு வந்ததும் தலைமுடியில் பெயிண்ட் ஒட்டியிருப்பது, மண்ணெண்ணெய் போட்டு அம்மா துடைத்துவிடுவது, ஒருநாள் பனியில் அப்பா ஒரு மணி நேரம் தொங்கிக்கொண்டு இருந்தது, அந்த ஒரு மணி நேரமும் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது. ஐம்பது வருஷமாகப் பூட்டி வைத்ததை எல்லாம் அந்தத் தகரமேசையில் கொட்டினார். கடைசியில், "நல்ல பெயிண்டர் அவரு" என்றார். அதைச் சொல்லும்போது உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு அங்குலம் உயர்ந்தார்.

"இருக்காதா பின்னே" என்றார் செபோ. "பாலம் இன்னும் நிக்குதுல்ல."

கேள்வி கேட்டுக்கொண்டே அவர் அன்றைக்கு ஒன்பது டாக்கோ சாப்பிட்டார். நான் எண்ணவில்லை. டெஸ்மண்ட் எண்ணினார், தான் பத்து சாப்பிட்டதாகவும் சொன்னார்.